தீவாந்தரப் பதிவேடுகளில் தமிழ்ப் பெயர்கள்: தண்டனைக் கைதியான மூதாதையரைத் தேடும் முறை

19ஆம் நூற்றாண்டுத் தமிழ் வழக்கில் ‘தீவாந்தரம்’ என்பது நீதிமன்றத்தாரும் ஊராரும் ஒருங்கே அறிந்த சொல். கடல் கடந்த இடத்தில் கைதியாக இருந்து உழைக்குமாறு விதிக்கப்பட்ட தண்டனையை அது குறித்தது. வேறொரு தீவு என்பதே அதன் நேர்ப்பொருள். பினாங்கும் சிங்கப்பூரும் அந்தமானும் தீவுகள். பர்மாக் கரையிலுள்ள மௌல்மேன் தீவன்று. எனினும் அங்கு அனுப்புதலும் இத்தண்டனையுள் அடங்கியது. சொல்லின் நேர்ப்பொருள் மங்கி, திரும்பிவர இயலாத தொலைவு என்னும் பொருளே அதில் மேலோங்கி நின்றது எனலாம்.

குடும்ப வரலாறு தேடுவோர் பலரிடம் எஞ்சியிருப்பது இந்த ஒரு சொல்லே. பாட்டனாருக்குப் பாட்டனார் ஒருவர் ‘தீவாந்தரம் போனார்’ என்னும் தொடர் வீட்டில் வழங்கும்; ஆண்டும் குற்றமும் வழங்கா. மறுபுறத்தில், கிழக்கிந்தியக் கம்பெனியாரின் ஆவணங்களில் ஆண்டும் குற்றமும் உயரமும் உடற்குறிகளும் வரிசையாக எழுதப்பட்டுள்ளன. ஆனால் அங்குள்ள பெயரை எந்த வீட்டாரும் தம் முன்னோர் பெயரென அடையாளம் காண முடிவதில்லை. இவ்விரண்டிற்கும் இடையிலுள்ள இடைவெளி முதன்மையாக மொழி சார்ந்தது. வரலாற்றாசிரியரைக் காட்டிலும் மொழியியலாரும் மொழிபெயர்ப்பாளரும் இவ்வாவணங்களில் செய்யவேண்டிய பணி மிகுதி.

ஆஸ்திரேலியாவின் நிலை இதற்கு நேர்மாறானது. 1788 முதல் 1868 வரை பிரித்தானியாவிலிருந்தும் அயர்லாந்திலிருந்தும் ஏறத்தாழ 1,62,000 கைதிகள் அங்குக் கொண்டுசெல்லப்பட்டனர். அவர்தம் பதிவேடுகள் 2007ஆம் ஆண்டு யுனெஸ்கோவின் உலக நினைவுப் பட்டியலில் இடம்பெற்றன. ஒரு காலத்தில் மறைக்கப்பட்ட கைதி மூதாதை இன்று பெருமையோடு தேடப்படுகிறார். தேடலை எளிதாக்குவது அங்குள்ள குடிப்பெயர். தந்தையின் குடிப்பெயரே மகனுக்கும் பெயரனுக்கும் வருவதால், ஒரே எழுத்துக்கோவையைப் பிடித்துக்கொண்டு ஐந்தாறு தலைமுறை பின்செல்லலாம். எழுதியவரும் எழுதப்பட்டவரும் பெரும்பாலும் ஒரே மொழியினர். தமிழ்க் கைதிக்கு இவ்விரண்டு வாய்ப்பும் இல்லை.

தமிழகத்தில் இத்தகைய தேடலுக்கு நன்கறியப்பட்ட சான்று 1802ஆம் ஆண்டின் நாடுகடத்தலாகும். 1801 அக்டோபர் 24இல் மருது சகோதரர்கள் திருப்பத்தூரில் தூக்கிலிடப்பட்ட பின்னர், எழுபதுக்கும் மேற்பட்டோர் 1802 பிப்ரவரியில் தூத்துக்குடியிலிருந்து ‘அட்மிரல் நெல்சன்’ என்னும் கப்பலில் பினாங்குக்கு அனுப்பப்பட்டனர். சிவகங்கையின் வேங்கன் பெரிய உடையாத்தேவரும், சின்ன மருதுவின் மகன் துரைச்சாமியும் அவர்களுள் அடங்குவர். துரைச்சாமிக்கு அப்போது ஏறத்தாழப் பதினைந்து வயது. கே. ராஜய்யன் 1971இல் வெளியிட்ட தென்னிந்தியக் கிளர்ச்சி பற்றிய நூலும், எஸ். எம். கமால் மருதுபாண்டியர் குறித்து எழுதிய நூலும் இச்செய்திகளைக் கம்பெனி ஆவணங்களிலிருந்து வெளிக்கொணர்ந்தன.

அக்கால ஆவணங்களில் பினாங்கு என்ற பெயரைத் தேடுவோர் பல இடங்களில் ஏமாற்றமடைவர். தீவின் அதிகாரபூர்வப் பெயர் வேல்ஸ் இளவரசர் தீவு என்பதாகும். ஊர்ப்பெயரே இப்படியெனில் ஆட்பெயர்களின் நிலை சொல்ல வேண்டுவதில்லை.

பாளையக்காரர் போர்களில் பங்குகொண்ட ஜேம்ஸ் வெல்ஷ் என்னும் படை அதிகாரி 1830இல் வெளியிட்ட நினைவுக்குறிப்புகள் இதனை ஆராய ஏற்ற களம். அதில் மருது என்னும் பெயர் எம்-யு-ஆர்-டி-ஓ-ஓ என்று எழுதப்பட்டுள்ளது. எழுத்தைப் பார்த்துப் படிப்பவர் ‘முர்டூ’ என்பர். ஆனால் எழுதியவர் கேட்டது அதுவன்று. ஆங்கிலத்தில் ‘கட்’, ‘பட்’ போன்ற சொற்களில் யு என்னும் எழுத்து அகரத்தையொத்த ஒலியைத் தருவது போலவே இங்கும் தருகிறது. இடையிலுள்ள உகரம் பேச்சில் தேய்ந்து ‘மர்து’ என்றானதை அவர் கேட்டிருக்கிறார். தமிழின் பல்லொலித் தகரம் உயிரொலிகளுக்கிடையே ஒலிப்புடையதாகிப் பின் உகரம் தேய்ந்த நிலையில், ஆங்கிலச் செவிக்கு டி என்னும் எழுத்தே அண்மையதாகத் தோன்றியது. இறுதிக் குற்றியலுகரத்தை இரட்டை ஓ காட்டுகிறது. ஆக, தவறாகத் தோன்றும் எழுத்துக்கோவை ஏறத்தாழச் செம்மையான ஒலிப்பதிவாக மாறிவிடுகிறது.

‘வெள்ளை மருது’ என்னும் பெயர் வெல்ஷிடம் ‘வெல்லா’ என்னும் அடையோடு வருகிறது. ளகர லகர வேறுபாடு ஆங்கில எழுத்தில் இல்லாமை வெளிப்படை. நோக்கற்பாலது இறுதி உயிராகும். வெள்ளை என்பது பேச்சில் ‘வெள்ள’ என்று அகர ஈறாகும் வழக்கு இன்றும் உள்ளது; இருநூறு ஆண்டுகளுக்கு முன்பும் சிவகங்கைச் சீமையில் அது இருந்ததற்கு இவ்வெழுத்து சான்றாகிறது. துரைச்சாமியின் பெயரில் இது இன்னும் தெளிவு. அங்குப் பெயரின் முற்பகுதி டி-ஓ-ஆர்-ஏ என எழுதப்பட்டுள்ளது. துரை என்பது ‘தொரை’ என்றும் ‘தொர’ என்றும் பேச்சில் திரிவதைத் தமிழ் மொழியியலார் அறிவர்; அடுத்த அசையில் அகரமோ ஐகாரமோ வரும்போது முதலசை உகரம் ஒகரமாதல் தமிழின் பொதுவான மாற்றம். இதனை அறியாமல் ‘டோரா’ என்று மீட்டெழுதும் மொழிபெயர்ப்பாளர் ஓர் ஐரோப்பியப் பெண்ணின் பெயரைச் சிவகங்கைக்குக் கொண்டுவந்து சேர்த்தவராவார். சின்ன என்னும் அடையை எழுதியதில் இரட்டை மெய் ஒற்றையாகி முதலுயிர் நீண்டுவிட்டது. எழுத்தை மட்டும் நம்பினால் ‘சீனா’ என்றாகிச் சின்ன மருது சீன நாட்டவராகவும் கூடும்.

இவ்வாறு மீட்டெழுதும்போது பின்பற்றத்தக்க நெறி ஒன்று உண்டு. ஆங்கில எழுத்திலிருந்து இலக்கியத் தமிழுக்கு நேரே தாவலாகாது. முதலில் அவ்வெழுத்து எந்தப் பேச்சொலியைக் குறித்தது என முடிவுசெய்து, பின்னரே அப்பேச்சொலிக்குரிய எழுத்துவடிவத்தைக் காண வேண்டும். இடைப்படியை விட்டுவிட்டதால் நேர்ந்த பிழைகள் அச்சான நூல்களிலும் ஆங்காங்கே காணப்படுகின்றன.

பெயரின் பின்னொட்டுகள் வேறுவகை இடர் தருவன. நாயக்கர் என்பதன் ‘அர்’ என்னும் சிறப்புப் பன்மை ஈற்றை ஆங்கிலேயர் பெரும்பாலும் கழித்துவிட்டு ‘நாயக்’ என்றே எழுதினர். கம்பெனிப் படையில் நாயக் என்பது சிப்பாய்க்கு மேற்பட்ட ஒரு பதவியின் பெயருமாகும். பட்டியலில் தனித்து நிற்கும் அச்சொல் சாதிப்பெயரா படைப்பதவியா என்பதை அடுத்துள்ள கலங்களைக் கொண்டே துணிய முடியும். பட்டப்பெயர் மற்றொரு தடை. ஊமைத்துரை என்பதே பட்டப்பெயர்தான். வெல்ஷ் அவரை ‘ஊமீ’ என்று எழுதினார். வீட்டில் வழங்கிய பெயரும் ஊரில் வழங்கிய பெயரும் நீதிமன்றத்தில் சொன்ன பெயரும் வெவ்வேறாயிருத்தல் தமிழ்நாட்டில் இயல்பு.

துரைச்சாமியை வெல்ஷ் மீண்டும் கண்டது 1818இல் பினாங்கில். சின்ன மருதுவிடம் ஈட்டி எறியவும் வளரி வீசவும் கற்றவர் அவர். வளரியைக் கள்ளர் பெயரோடு சேர்த்து ‘கோலரித் தடி’ என்று எழுதியிருக்கிறார். அந்த நண்பரின் மகன், கணக்கின்படி முப்பது வயதைச் சற்றே கடந்தவர், முதுமை தட்டித் தளர்ந்த உருவில் வந்து நின்றபோது வெல்ஷால் அடையாளம் காண முடியவில்லை. வந்தவர் தம் பெயரைச் சொன்ன பிறகே விளங்கிற்று. பதினாறு ஆண்டுகளில் முகம் சான்றாகாமற்போய்ப் பெயர் மட்டும் சான்றாக நின்ற இந்நிகழ்ச்சி, பதிவேடுகளில் காணப்படும் வயதுக் கணக்கை எவ்வளவு எச்சரிக்கையோடு கையாள வேண்டும் என்பதையும் காட்டுகிறது. அக்கலத்தில் இருப்பது பல வேளைகளில் எழுத்தர் பார்த்து மதித்த வயதே.

இதுவரை கூறியது அரசியல் கைதிகளைப் பற்றியது. அவர்களுக்கு நூல்கள் உண்டு, விழாக்கள் உண்டு, தம்மை வழித்தோன்றல்கள் எனச் சொல்லிக்கொள்ள முன்வருவோரும் உண்டு. அவர்களைவிட எண்ணிக்கையில் மிகப் பலரான பிற கைதிகள், கொள்ளை, கொலை, கால்நடைத் திருட்டு முதலிய குற்றங்களுக்காக அனுப்பப்பட்டவர்கள், தேடுவாரின்றிக் கிடக்கின்றனர். 1824ஆம் ஆண்டு இலண்டன் உடன்படிக்கையால் சுமத்திராவிலுள்ள பெங்கூலன் டச்சுக்காரர் வசமாக, அங்கிருந்த இந்தியக் கைதிகள் 1825 ஏப்ரலில் சிங்கப்பூருக்கு மாற்றப்பட்டனர். முதலில் வந்தவர்கள் சென்னை மாகாணத்தார் 80 பேர். அடுத்த வாரத்தில் வங்காளத்தார் 122 பேர். சிங்கப்பூரின் பெங்கூலன் தெரு அப்பழைய தொடர்பைப் பெயரளவில் தாங்கி நிற்கிறது. 1862இல் அருட்பொழிவு பெற்ற புனித அந்திரேயர் பேராலயம் இத்தகைய கைதிகளின் உழைப்பால் எழுந்தது. அங்குக் கைதிகளை மேற்பார்த்த மெக்நேர் 1899இல் எழுதிய நூல், கைதிகளே கைதிகளுக்குக் காவலராக்கப்பட்ட முறையை விரிவாக விளக்குகிறது. 1873இல் சிங்கப்பூரில் இம்முறை முடிவுற்றது.

இத்தகைய ஒருவரைத் தேடுவோர் எந்த ஆவணக்காப்பகத்தை அணுகுவது? தீர்ப்பு வழங்கிய பக்கத்து ஆவணங்கள் சென்னை எழும்பூரிலுள்ள தமிழ்நாடு ஆவணக்காப்பகத்தின் நீதித்துறை நடவடிக்கைக் குறிப்புகளில் உள்ளன; அவற்றின் படிகள் இலண்டனில் பிரித்தானிய நூலகத்தின் இந்திய அலுவலக ஆவணங்களில் உள்ளன. வந்திறங்கிய பக்கத்து ஆவணங்கள் சிங்கப்பூர் தேசிய ஆவணக்காப்பகத்தில் நீரிணைக் குடியேற்றங்களின் தொகுதிகளாக உள்ளன. இரு கரைகளிலும் எழுதியவர்கள் வேறு வேறு. ஆகவே ஒரே ஆளின் பெயர் இங்கொரு வடிவிலும் அங்கொரு வடிவிலும் இருத்தல் எதிர்பார்க்கத்தக்கதே. பினாங்கிலோ சிங்கப்பூரிலோ பெயரை எழுதிய எழுத்தருக்குத் தமிழ் தெரிந்திருக்க வேண்டிய கட்டாயமில்லை.

ஊரைக் கண்டறிதலும் எளிதன்று. சென்னை மாகாணத்தில் பெருங்குற்றங்களை விசாரித்த சுற்று நீதிமன்றங்களுள் தென்பிரிவுக்குரியது திருச்சிராப்பள்ளியைத் தலைமையிடமாகக் கொண்டிருந்தது. திருநெல்வேலிச் சீமையின் ஒரு சிற்றூரான் திருச்சிராப்பள்ளிப் பெயரின்கீழ் எழுதப்பட்டிருப்பின், தேடுவோர் அவரைக் காவிரிக்கரையில் தேடி அலைவர். ஊரைவிட நம்பத்தக்கது தீர்ப்பு நாள். அது இரு கரை ஆவணங்களிலும் மாறாமல் வருவது. எண்ணால் எழுதப்படுவதால் செவிப்பிழைக்கு இடமில்லாதது. அடுத்து நம்பத்தக்கவை உடற்குறிகள். வடு, மச்சம், பச்சை, காதுத்துளை ஆகியன ஆளை அடையாளம் காண எழுதப்பட்டவையாதலால் எழுத்தர் அவற்றில் கவனம் செலுத்தினர். பெயரின் ஒலியொப்புமை ஒன்றையே கொண்டு மூதாதையைத் துணிவது ஏற்கத்தக்கதன்று. தீர்ப்பு நாள், நீதிமன்றம், உடற்குறி, தந்தை பெயர் ஆகியவற்றுள் மூன்றேனும் ஒத்துவர வேண்டும். கருப்பன், முத்து, ஆண்டி, மாடன் போன்ற பெயர்கள் ஒரே கப்பலில் பலருக்கு இருந்திருக்கக்கூடும்.

உடலே ஆவணமாக்கப்பட்ட கொடுமையையும் இங்குச் சொல்ல வேண்டும். வங்காளத்தில் 1797ஆம் ஆண்டின் ஒழுங்குவிதி ஒன்றால், ஆயுட்கைதிகளின் நெற்றியில் பெயரும் குற்றமும் தீர்ப்பு நாளும் நாட்டுமொழியில் பச்சை குத்தப்பட்டன. 1849இல் இவ்வழக்கம் நீக்கப்பட்டது. தாளில் ஆங்கிலச் செவிக்கேற்பத் திரிந்த பெயர், தோலில் மட்டும் தாய்மொழி எழுத்தில் இருந்தது.

தந்தை பெயர் என்னும் கலம் தமிழகத்தின் பெரும்பகுதிக்குப் பொருந்தும். தெற்கே செல்லச் செல்ல அதுவும் சிக்கலாகிறது. திருவனந்தபுரத்து ஆரியசாலையும் அதனையொட்டிய சாலைக் கடைத்தெருவும் தமிழும் மலையாளமும் நாள்தோறும் கலந்து வழங்கும் பகுதிகள். நாஞ்சில் நாட்டிலிருந்து அங்குக் குடிவந்த குடும்பம் ஒன்று தன் முன்னோரைத் தேடத் தொடங்கினால், ஒரே வீட்டில் இரண்டு பெயரமைப்புகளைச் சந்திக்கக்கூடும். நாஞ்சில் நாடு 1956 நவம்பர் 1 வரை திருவிதாங்கூர் ஆட்சியெல்லைக்கும் அதன்பின் வந்த திருவிதாங்கூர்-கொச்சி மாநிலத்திற்கும் உட்பட்டிருந்தது. அங்குள்ள வேளாளருள் ஒரு பிரிவினர் மருமக்கள்வழியினர். கவிமணி தேசிகவிநாயகம் பிள்ளை ‘நாஞ்சில்நாட்டு மருமக்கள்வழி மான்மியம்’ எழுதியது இவ்வழக்கத்தின் கேடுகளை எள்ளியே. மருமக்கள்வழியில் ஒருவனுக்கு உரிமையும் முகவரியும் தருவது தாய்மாமனாகிய காரணவரே. ‘யாருடைய ஆள்?’ என்று கேட்ட எழுத்தருக்கு மாமன் பெயர் விடையாக வந்திருந்தால், அது தந்தை பெயர்க் கலத்தில் ஏறியிருக்கும். வழிமரபு தேடுவோர் இல்லாத ஒரு தந்தையை வரைபடத்தில் எழுதிவைப்பர்.

பிள்ளை என்னும் பட்டமும் இங்கு வழிகாட்டுவதில்லை. வேளாளருக்கும் திருவிதாங்கூர் நாயருக்கும் அது பொது. சாதிக் கலத்தில் அச்சொல் மட்டும் இருப்பின், அவர் தாய்மொழி தமிழா மலையாளமா என்பதைக்கூடத் துணிய இயலாது. 1809இல் வேலுத்தம்பி தளவாயின் கிளர்ச்சி ஒடுக்கப்பட்ட பின்னர் அவருடைய தலக்குளத்து வீடு இடித்துத் தரைமட்டமாக்கப்பட்டதையும், உறவினர் மாலத்தீவுக்கு நாடுகடத்தப்பட முற்பட்டதையும் சங்குண்ணி மேனோன் 1878இல் வெளியிட்ட திருவிதாங்கூர் வரலாற்றில் ஆங்கிலத்தில் எழுதினார். அங்கு ‘உறவினர்’ என்னும் பொதுச்சொல்லை மொழிபெயர்க்க முற்படுவோர், தாய்வழித் தறவாட்டினரையும் அதனுள் கருதவேண்டும். மனைவி மக்கள் என்று சுருக்கிப் பெயர்த்தல் மருமக்கள்வழிக் குடும்ப அமைப்பை மறைத்துவிடும்.

குடிப்பெயர் இல்லாத தமிழருக்கு அதற்கீடான ஒரு துணை அவர்தம் மொழியிலேயே இருக்கிறது. பேரன் என்னும் சொல் பெயரன் என்பதன் மரூஉ. பாட்டன் பெயரைத் தாங்குபவன் என்பது அதன் பொருள். ஒரு தலைமுறை விட்டு ஒரு தலைமுறை பெயர் மீண்டு வரும் இவ்வழக்கம், தேடுவோருக்கு முன்கூட்டியே ஒரு கருதுகோளைத் தருகிறது. தலைமுறைகளை எண்ணி, வீட்டில் மாறிமாறி வரும் இரு பெயர்களையும் எழுதிவைத்துக்கொண்டு பட்டியலை அணுகினால், எந்தப் பெயரைத் தேடுவது என்பது ஓரளவு தெளிவாகும். வீட்டில் ஒருவருக்கும் வைக்கப்படாமல் ஒரு தலைமுறையில் நின்றுபோன பெயர் இருப்பின், அதுவும் கவனிக்கத்தக்கது. பழி நேர்ந்தவன் பெயரை வைக்கத் தயங்குதல் இயல்பே.

கடலுக்கு அப்பால் இவ்வழக்கம் பல இடங்களில் அறுபட்டது. பினாங்கில் தமிழ் ஆடவர் மலாய்ப் பெண்டிரை மணந்ததால் தோன்றிய சாவிப் பெக்கான் மரபினரிடையே, தந்தை பெயரை ‘பின்’ என்னும் அரபு இடைச்சொல்லால் இணைக்கும் முறை வந்தது. அங்கே தமிழ்ப் பெயர் ஒரு தலைமுறையோடு மறையும். அந்தமானில் 1858இல் தொடங்கிய குடியேற்றத்தில் கைதியின் கழுத்தில் எண் பொறித்த வில்லை தொங்கியது. பல மாகாணத்தார் கலந்து வாழ்ந்ததில் இந்துஸ்தானி பொதுமொழியாயிற்று. ஆட்பெயர் மறைந்த இடத்தில் ஊர்ப்பெயர் சில வேளை தங்கிவிடுகிறது. 1921ஆம் ஆண்டு மாப்பிள்ளைக் கிளர்ச்சியில் தண்டிக்கப்பட்டோர் குடியமர்ந்த தென் அந்தமானில் மஞ்சேரி, வண்டூர், திரூர், காலிகட் எனும் மலபார் ஊர்ப்பெயர்கள் இன்றும் வழங்குகின்றன.

மொழிபெயர்ப்பாளர் தேர்ந்தெடுக்கும் தண்டனைச் சொல்லும் மூதாதையின் வரலாற்றை மாற்றிவிடக்கூடும். இந்தியத் தண்டனைச் சட்டத்தில் இருந்த தீவாந்தரத் தண்டனை 1956 தொடக்கத்தில் ஆயுள் சிறையாக மாற்றப்பட்டது. ஆதலால் இன்றைய வழக்கையொட்டி, 19ஆம் நூற்றாண்டு ஆவணத்தில் ‘ஆயுள் தண்டனை’ என்று எழுதினால் கடல் மறைந்துவிடும். தேடுவோர் உள்ளூர்ச் சிறைப் பதிவேட்டைப் புரட்டிக்கொண்டிருப்பர். நாடுகடத்தல் என்பதையும் அளவறிந்தே ஆள வேண்டும். 1910 செப்டம்பரில் ‘சுதேசாபிமானி’ இராமகிருஷ்ண பிள்ளை திருவிதாங்கூரிலிருந்து அகற்றப்பட்டதை மலையாளம் நாடுகடத்தல் என்றே குறிக்கிறது. அது அரச ஆணையால் எல்லைக்கு வெளியே அனுப்புதல்; அதில் நீதிமன்றத் தீர்ப்பும் இல்லை, கப்பலும் இல்லை. 1802இல் பினாங்குக்குச் சென்றோரை நாடுகடத்தப்பட்டோர் என்பதும், 1825இல் சிங்கப்பூர் சென்றோரைக் கைதிகள் என்பதும் தமிழ் நூல்களில் ஊன்றிவிட்ட வேறுபாடு. முன்னவர் கிளர்ச்சியாளர் என்பது உண்மையே. ஆயினும் கிளர்ச்சிக்குப் பிந்திய ஆண்டுகளில் கொள்ளை என்றும் கொலை என்றும் எழுதப்பட்ட வழக்குகளுள் எத்தன்மையன கலந்துள்ளன என்பதைக் குற்றப்பெயர் ஒன்றைக்கொண்டு தீர்ப்பளிக்க இயலாது. அக்குற்றப்பெயரும் ஆங்கிலத்தில் எழுதப்பட்ட ஒரு மொழிபெயர்ப்பே. கைதி தமிழில் கூறியதும், மொழிபெயர்ப்பாளர் சொன்னதும், நீதிபதி எழுதியதும் என மூன்று அடுக்குகள் அதனுள் இருக்கின்றன.

மருது என்னும் பெயரில் செய்தது போன்ற ஒலி மீட்பு, 1802 கப்பலில் சென்ற தலைவர்களுக்குச் செய்யப்பட்ட அளவு அவர்களோடு சென்ற ஏவலாளருக்குச் செய்யப்படவில்லை. சீமைவாரியாக வழங்கும் ஆட்பெயர்களையும் அவற்றின் பேச்சுவடிவங்களையும் திருநெல்வேலி, இராமநாதபுரம், நாஞ்சில் நாடு எனப் பிரித்துத் தொகுத்த அகராதி ஒன்று முதலில் வேண்டும். அதனைப் பதிவேட்டின் அருகே வைத்துப் படிப்பவருக்கு, இன்று வெறும் ஆங்கில எழுத்துகளாகத் தோன்றும் பெயர்களுள் பல ஒரு மாடனாகவோ ஒரு கருப்பனாகவோ வாசிக்கக் கிடைக்கும். அதன்பின் தீர்ப்பு நாளையும் வடுவையும் ஒப்பிடும் வேலை மீதமிருக்கும்.